முற்றிய பிறகு எத்தனை நாள் காத்திருக்கும்?

விதை மூட்டையில் 110 நாள் என்று அச்சடித்திருப்பார்கள். மீன்குஞ்சு விற்பவர் பத்து மாதம் என்பார். உளுந்துக்கு 70, கடலைக்கு 105. விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான்: "எத்தனை நாள்ல அறுக்கலாம்ணா?"

மன்னார்குடிக்குக் கிழக்கே, களிமண் பூமியில் நெல்லும், நெல்லுக்குப் பின் உளுந்தும், வீட்டுக்குப் பின்னால் குட்டையில் மீனும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறேன். அந்த நாள் கணக்கு தேவைதான். ஆனால் அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: முற்றிய பிறகு அது நமக்காக எத்தனை நாள் காத்திருக்கும்? நெல் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். உளுந்து அதைவிடக் குறைவு. மீன், தண்ணீர் இருந்தால் மாதக் கணக்கில் காத்திருக்கும். ஆள் கூலி, மிஷின், கடன், அடுத்த பட்டத்துக்கு உழவு என்று எல்லாத் திட்டமும் இந்த அவகாசத்தை வைத்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

நெல்லில் இருந்து தொடங்குகிறேன், எங்கள் பக்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

நெல்லுக்கு விதைத்த தேதியிலிருந்து எண்ணினால் கணக்கு பெரும்பாலும் தப்பும். வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வரும், நாற்றங்காலில் நாற்றுக்கு வயது கூடிப்போகும், நடவுக்கு ஆள் கிடைக்காது. ஒவ்வொன்றும் நாளைத் தள்ளும். பூத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். ஜூனில் தொடங்கும் குறுகிய பட்டமான குறுவையில் போடும் ஆடுதுறை 43 ரகம் ஏறக்குறைய 110 நாள் பயிர், ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் நீண்ட பட்டமான சம்பாவில் போடும் சி.ஆர். 1009 ரகம் 155 முதல் 160 நாள் பயிர். இந்த ஒன்றரை மாத வித்தியாசம் முழுக்கத் தூர் கட்டி வளரும் பருவத்தில்தான் இருக்கிறது. பூத்து முடித்து மணி முற்ற எந்த ரகத்துக்கும் கிட்டத்தட்ட 30 நாள்தான் ஆகிறது. மார்கழியில் மேகமூட்டமும் குளிரும் நீடித்தால் சில நாள் கூடும், ஆவணி வெயிலில் ஓரிரு நாள் குறையும். வயலில் பாதிக் கதிர் வெளியே வந்து பூத்திருக்கும் நாளை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறேன். அதிலிருந்து 25-ஆம் நாள் வயலுக்குள் இறங்கிப் பார்க்கத் தொடங்கினால் போதும்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வரப்பில் நின்று பார்த்தால் வயல் முழுக்கப் பொன்னிறமாகத் தெரியும், ஏனென்றால் மேலே தெரிவது முதலில் வந்த கதிர்களின் நுனி. கதிர் நுனியிலிருந்து அடி நோக்கித்தான் பூக்கிறது, முற்றுவதும் அதே வரிசையில்தான். தூரிலும் அப்படியே, தாய்ச் செடியின் கதிருக்குப் பின்னால்தான் பக்கத் தூர்களின் கதிர் வரும். பக்கத்து வயல் பெரியப்பா எனக்குச் சொன்னது இது ஒன்றுதான்: "மேல பாத்து முடிவு பண்ணாதப்பா, கழுத்துகிட்ட இருக்குற மணியப் பாரு." கதிரின் அடியில், கழுத்தை ஒட்டி இருக்கும் மணிகளை உருவி நகத்தால் அழுத்துங்கள். பால் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. மாவு மாதிரி நசுங்கினாலும் பொறுங்கள். நகம் இறங்காமல் கெட்டியாக இருந்தால் சரி. வயலின் நான்கைந்து இடத்தில் எடுத்த கதிர்களில் ஐந்தில் நாலு பங்கு மணி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். மடை ஓரத்தில் இருக்கும் பயிரை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீரும் உரமும் அதிகம் தேங்குகிற இடம் எப்போதும் பின்தங்கித்தான் பழுக்கும்.

கண்ணாடி இலை, அதாவது கதிரை ஒட்டி மேலே நிற்கும் கடைசி இலை, இன்னும் பச்சையாக இருக்கிறதே என்று சிலர் காத்திருப்பார்கள். தழைச்சத்து கூடுதலாகப் போட்ட வயலில் மணி முழுக்க முற்றிய பிறகும் இலை பச்சையாகவே நிற்கும். இலையை வைத்து முடிவெடுத்தால் நெல் வயலிலேயே உதிரும்.

முற்றின நெல்லில் ஈரம் 20 முதல் 22 சதவீதம் இருக்கும். அறுக்க ஏற்ற பதம் அதுதான். அதைத் தாண்டி வயலில் நிற்க விட்டால் பகல் வெயிலில் மணி காயும், இரவுப் பனியில் மறுபடி ஈரம் இழுக்கும். இப்படி மாறி மாறி நடக்கும்போது அரிசிக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. நெல்லைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, எடையும் குறையாது. ஆலையில் அரைக்கும்போதுதான் நொய்யாகக் கொட்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று வைத்த நெல்லை நாமே அரைக்கும்போது இது நன்றாகத் தெரியும். அவசரப்பட்டு அறுத்தாலும் நொய்தான், பச்சை மணியும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மணியும் கல்லில் தாங்காது. அதோடு கருக்காயும், அதாவது அரைகுறையாக நிரம்பிய மணியும், கூடும்.

தண்ணீரை எப்போது வடிப்பது என்பதை இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன் வடிக்கச் சொல்வார்கள். எங்கள் களிமண்ணில் நான் பதினைந்தின் பக்கமே சாய்வேன். மணலும் வண்டலும் கலந்த பூமியில் பத்து நாளே போதும், முன்கூட்டி வடித்தால் கடைசி மணிகள் நிரம்பாமல் பதராகும். சேற்றில் டயர் போட்ட அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம், அது ஓடிய தடத்தில் விழும் பள்ளம் அடுத்த உழவு வரை நிற்கும்.

மிஷின் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தை மாதத்தில் டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் பழுக்கிறது. ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளை எல்லோரும் ஒரே வாரத்தில் கூப்பிடுகிறோம். வண்டிக்காரர் ஒரு வயலுக்காக ஊருக்குள் வர மாட்டார், பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து தேதி சொன்னால்தான் வருவார். அதனால் நான் எல்லா வயலிலும் ஒரே ரகம் போடுவதில்லை. ஆகஸ்டில் விட்ட சி.ஆர். 1009 ஒரு பக்கம், செப்டம்பரில் விட்ட பி.பி.டி. 5204 இன்னொரு பக்கம். பி.பி.டி. 145 முதல் 150 நாள் பயிர். இரண்டுக்கும் இடையில் ஒரு வாரமாவது இடைவெளி கிடைத்தால் ஒரே மழையில் இரண்டும் மாட்டாது.

மழை என்று சொல்லும்போது 2021 ஜனவரியை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொங்கல் நேரம், கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்ற வயல்களில் விடாமல் பெய்தது. சாய்ந்த பயிரைக் கையால் தூக்கினால் கதிரிலேயே வெள்ளை வேர் விட்டு முளைத்திருந்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடி அதே கதை. இரண்டு முறையும் அடி வாங்கியது முற்றிய பயிர்தான், பால் பிடிக்கும் நிலையில் இருந்த வயல்கள் பெரும்பாலும் தேறிக்கொண்டன. வயலில் முற்றிய நெல் நிற்கும் ஒவ்வொரு நாளும் நமக்கு ஆபத்தான நாள் என்று அதன் பிறகு எங்கள் ஊரில் எல்லோருமே நினைக்கத் தொடங்கிவிட்டோம். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், முக்கால்வாசி முற்றியிருந்தாலும் அறுத்துவிடலாம் என்பது என் முடிவு. கொஞ்சம் பச்சை மணி கலக்கும், காயவைக்கக் கூடுதல் வேலை. முளைத்த நெல்லை வைத்து என்ன செய்வது?

அறுத்தவுடன் நேரே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஈரப்பதமானி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வாங்க மாட்டார்கள். மழை வருடங்களில் அரசு தளர்வு தந்தால் உண்டு, அதை நம்பி இருக்க முடியாது. 21-ல் அறுத்த நெல்லை 17-க்குக் கொண்டுவர நல்ல வெயிலில், களத்தில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். தார்ச்சாலையில் கொட்டிக் காய வைப்பது போகிற வருகிறவர்களுக்கும் ஆபத்து, நெல்லிலும் கல் சேரும். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் "டக்" என்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. வீட்டில் வைக்க, விதைக்கு வைக்க என்றால் இன்னும் இறக்கி 13, 14-க்குக் கொண்டுவாருங்கள்.

உளுந்து நெல் வயலில்தான் பிறக்கிறது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையைத் தூவிவிடுவோம். கையறுப்புக் காலத்து வழக்கம் அது. இப்போது மிஷின் ஏறி இறங்குவதால் முளைத்த செடி நசுங்கும், அதனால் நாலைந்து நாளுக்கு முன் தூவுவது போதும். அதாவது நெல் அறுக்கும் தேதி நமக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான் உளுந்தும் உருப்படும். கழுத்து மணியைப் பார்க்கும் பழக்கம் இங்கேயும் கை கொடுக்கிறது.

இந்த உளுந்துக்கு மழையும் கிடையாது, பாசனமும் கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து, 70 நாள் சுமாரில் பங்குனி, சித்திரை வெயிலில் முற்றும். ஐந்தில் நாலு காய் கறுத்தால் பிடுங்க வேண்டும். மிச்சக் காயும் கறுக்கட்டும் என்று நின்றால் முதலில் கறுத்தவை வெடித்துச் சிதறிவிடும். விடியற்காலைப் பனியில் பிடுங்கினால் காய் பதமாக இருக்கும், உதிர்வது குறையும். எங்கள் வயலுக்கு வரும் அக்காமார் நாலரை மணிக்கே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கும் அதுதான் நல்லது, சித்திரை வெயிலில் பதினோரு மணிக்குமேல் யாரையும் வயலில் வைத்திருக்கக் கூடாது. ஆள் சொல்லி வைப்பதைக் காய் பச்சையாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். கறுத்த பிறகு ஆள் தேடப் போனால் உங்களுக்கு மூன்று நாலு நாள்தான் மிச்சம். கோடை மழை ஒன்று விழுந்தால் அதுவும் இல்லை.

என் அக்கா வீடு ஒரத்தநாடு பக்கம், அங்கே கடலை. கடலை மண்ணுக்குள் இருப்பதால் அதன் முற்றலைத் தோண்டித்தான் பார்க்க முடியும். சில செடிகளைப் பிடுங்கி, ஓட்டை உடைத்து உள்பக்கம் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. உள்பக்கம் பழுப்பும் கருப்பும் ஏறி, பருப்பின் தோல் அந்த ரகத்துக்கு உரிய நிறத்துக்கு வந்திருந்தால் முற்றிவிட்டது. கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது, முற்றிய பின் மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைக்கும். மழையே இல்லாமல் தரை இறுகினாலும் காம்பு அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். அதனால் அங்கே பிடுங்குவதற்கு முன் லேசாக ஒரு தண்ணீர் விடுவார்கள்.

கரும்பில் நாம் முடிவு செய்ய முடிவது குறைவு. ஆலைக் கரும்பு என்றால் வெட்டு உத்தரவு வர வேண்டும், வெட்டிய கரும்பு ஒரு நாளுக்குள் அரவைக்குப் போனால்தான் சர்க்கரை குறையாது. பொங்கல் கரும்புக்கோ தேதியை முன்னோர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், தை முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சித்திரை, வைகாசியில் நட வேண்டும்.

இனி மீன். இதில்தான் அவகாசம் அதிகம், அதனாலேயே குழப்பமும் அதிகம். எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்கிறபோது எப்போதும் பிடிக்காமல் தீனி போட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் வளர்ப்பது கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும். மேல் தண்ணீரில் கட்லா, நடுவில் ரோகு, தரையில் மிர்கால் மேய்வதால் ஒன்றுக்கொன்று தீனிச் சண்டை குறைவு. ஏக்கருக்கு 4,000 குஞ்சு என்பது பொதுவான அளவு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து, துளை போட்ட சாக்கில் கட்டி மூங்கில் கழியில் தொங்க விடுகிறேன். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் கட்லா ஒரு கிலோவைத் தாண்டும், ரோகுவும் மிர்காலும் கொஞ்சம் பின்தங்கியே வரும்.

மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டு எடை பார்ப்பதை விடவே கூடாது. குட்டையின் இரண்டு மூன்று மூலையில் வீசி, ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாக நிறுத்து எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றும் புரியாது. கட்லா நன்றாக ஏறி, மிர்கால் நின்றுபோயிருப்பது அந்தச் சராசரியில் மறைந்துவிடும். இரண்டு மாதம் தொடர்ந்து தீனி அதே அளவு தின்றும் எடை ஏறவில்லை என்றால், மீன் வளர்ந்து முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கட்லா பல கிலோ வரை வளரக்கூடிய மீன். குட்டைதான் நிறைந்துவிட்டது. அந்தத் தண்ணீர் தாங்கும் மொத்த எடை வந்துவிட்டது. அப்போது பெரியவற்றை மட்டும் பிடித்து எடுத்தால் மிச்சம் மறுபடி வளரத் தொடங்கும். ஒரே நாளில் மொத்தமாக இழுப்பதைவிட இந்தப் பகுதி அறுவடை எனக்கு நன்றாக ஒத்து வருகிறது. முதலில் கட்லா, பிறகு மற்றவை.

குட்டை நிறைந்ததற்கு இன்னொரு அடையாளம் விடியற்காலையில் தெரியும். சூரியன் வருமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தண்ணீரில் பிராணவாயு போதவில்லை. இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து அதை இழுத்துவிடுகின்றன. மேகமூட்டம் உள்ள நாட்களில் பகலிலும் ஈடு கட்டாது. உடனே புதுத் தண்ணீர் விட்டு, தீனியை நிறுத்தி, வியாபாரிக்குப் போன் செய்யுங்கள். மீன் காத்திருக்கும் என்றேனே, அது இந்த அறிகுறி வரும் வரைதான்.

எடை வந்துவிட்டது, வியாபாரி தயார். அதற்கு முன் ஒரு மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் மீனுக்குச் சேற்று வாடை ஏறும், மசாலா எவ்வளவு போட்டாலும் போகாது. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வளர்ப்பு மீனே வேண்டாம் என்பார். நல்ல தண்ணீரில் சில நாள் விட்டு வைத்தால் அந்த வாடை குறைந்துவிடும், அதுவரை வலையை ஓரமாக வையுங்கள். பிடிப்பதற்கு முதல் நாளே தீனியை நிறுத்த வேண்டும். குடல் காலியாக இருந்தால் மீன் சீக்கிரம் கெடாது. வலை இழுப்பது வெயிலுக்கு முன். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மீனுக்குச் சம எடை ஐஸ். கோடையில் இதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது.

வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்க்கும் நண்பர் வீட்டுக்குப் போனால் எல்லாமே வேறு வேகம். நூறு நாள், 120 நாளில் முடிகிற தொழில், விலை "கவுண்ட்" கணக்கு, கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் பேச்சு. எடை வந்தாலும் அவர் உடனே பிடிப்பதில்லை, தீனி வைத்துக் குளத்தில் இறக்கும் செக் ட்ரே தட்டில் ஏறும் இறாலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். தோல் உரித்த புதிதில் ஓடு மெத்தென்று இருக்கும், அந்தச் சரக்கை ஏற்றுமதிக்கு வாங்குபவர் கழித்துவிடுவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தோல் உரிப்பது அதிகம் என்பதால் அதைத் தாண்டி ஓடு இறுகிய பிறகுதான் பிடிக்கிறார். ஆனால் இறாலைக் கூட்டமாகச் சாகடிக்கும் வெள்ளைப்புள்ளி நோய் குளத்தில் தெரிந்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றே வலை இறங்கும்.

என் குட்டை மீனுக்கு நான் பார்க்கும் காலண்டர் வேறு. புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி தொடாது, கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் அதிகம். அந்த மாதங்களில் எடை வந்திருந்தாலும் பிடிப்பதில்லை. எங்கள் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், சந்தையில் கடல் மீன் வரத்து குறையும், குளத்து மீனைத் தேடி வருவார்கள். அதனால் ஆவணியில் குஞ்சு விட்டு, சித்திரை, வைகாசியில் பெரிய மீன் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் குட்டையில் தண்ணீரும் இறங்கிக்கொண்டிருக்கும், கூட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

நெல் பணம் தையில் வந்து பழைய கடனுக்குப் போய்விடும். உளுந்துப் பணம் சித்திரையில் வீட்டுச் செலவுக்கு. தடைக்காலத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பிடிக்கும் மீன்தான் குறுவைக்கு உழவும் விதையும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால், பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் வர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் மிச்ச மீனை எண்ணிப் பார்த்து, ஆவணிக்கு எத்தனை குஞ்சு வேண்டும் என்று சொல்லி வைத்துவிடுவேன்.